பன்னிரண்டாவது கல்லறை

செத்தவர்களைப் பார்த்து நான் ஒருநாளும் பயந்ததில்லை. பாம்பு, காக்கிச் சட்டை, கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டுகிற காகிதம், இந்த மூன்றையும் கண்டால்தான் எனக்குக் கை கால் உதறும். இப்படியொரு பயந்தாங்கொள்ளிக்குக் கல்லறையில் வேலையா என்று என் வீட்டுக்காரர் சிரிப்பார். அங்கே பயப்பட ஒன்றுமில்லை என்று நம்பித்தான் எட்டு வருஷத்துக்கு முன்னால் நான் அந்த வேலைக்கு ஒப்புக்கொண்டேன்.

வானூருக்கு அந்தப் பக்கம், முந்திரித் தோப்புகளுக்கு நடுவில் இருக்கிறது அந்தப் பழைய பட்டாளத்துக் கல்லறைத் தோட்டம். வெள்ளைக்காரர்கள் இந்த மண்ணுக்காகத் தங்களுக்குள் அடித்துக்கொண்ட காலத்தில் செத்த சிப்பாய்கள் அங்கே கிடக்கிறார்கள். பெயர்களெல்லாம் தேய்ந்துவிட்டன. திண்டிவனத்தில் எங்கள் பங்குச் சாமியார் சொல்லித்தான் அந்த வேலை எனக்கு வந்தது. வாரத்தில் மூன்று நாள் பஸ் ஏறிப் போய் முள் வெட்டுவேன், சருகு கூட்டுவேன். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு முன்னால் எல்லாவற்றுக்கும் சுண்ணாம்பு அடித்து, அன்றைக்குப் பூ வைத்து, மெழுகுவத்தி ஏற்றுவேன். எங்களுக்கு அது விட்டுப்போகக் கூடாத காரியம். கேட்க ஆளில்லாத கல்லறைக்கும் ஒரு வத்தி வைத்துவிட்டுத்தான் வருவோம்.

மொத்தம் பன்னிரண்டு கல்லறைகள். பதினொன்று ஆள் நீளத்துக்கு மேடை கட்டினவை. வரிசையின் மேற்குக் கோடியில் பன்னிரண்டாவதாக முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் மட்டும் நின்றது. யாரோ சின்ன வயசுச் சிப்பாய், பாவம், மேடை கட்டக்கூட நேரமில்லாமல் புதைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அவனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். வேலை முடிந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்துதான் சாப்பிடுவேன். வீட்டுக்காரரைப் பற்றிய குறைகளெல்லாம் அவனுக்கு அத்துப்படி.

அந்த இடத்தில் தமிழ்நாடும் பாண்டிச்சேரியும் கிழித்துப் போட்ட துணி மாதிரி ஒன்றுக்குள் ஒன்று கிடக்கும். டீக்கடை இந்தப் பக்கம், அதன் பெஞ்சு அந்தப் பக்கம் என்று கேலி பேசுவோம். போன வருஷம் வரைக்கும் அது கேலியாகத்தான் இருந்தது. கல்லறைத் தோட்டம் பாண்டிச்சேரிக் கணக்கில் வரும். அப்புறம் அதற்கு மேற்கே ஒட்டியிருந்த தமிழ்நாட்டு நிலத்தை ஒருவர் வாங்கி மனை போட்டார். எல்லை அந்த வேப்பமரத்தில்தான் இருக்கிறது, அதுவரைக்கும் தமிழ்நாடு, அதுவரைக்கும் என் பட்டா என்றார். வேப்பமரம் கல்லறைகளுக்குக் கிழக்கே இருந்தது. அவர் சொன்னது நின்றால் என் சிப்பாய்கள் அத்தனை பேர் மேலும் வீடு எழும்பிவிடும். அவர் ஒருநாளும் என்னிடம் குரல் உயர்த்தியதில்லை. "வேற எங்கனா வேலை பாத்துக்குங்கம்மா, இங்க பூச்சி பொட்டு ஜாஸ்தி" என்று அவ்வளவு மரியாதையாகச் சொன்னார். அந்த மரியாதைதான் என்னைப் பயமுறுத்தியது. அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

அக்டோபர் கடைசியில் ஒரு காலை வேளை, இரண்டு பக்கத்து சர்வேயர்களும் வந்தார்கள். தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர் ஒரு பெண். மூன்று கால் வைத்த மெஷின் எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள். ஆனாலும் அளக்கத் தொடங்க ஒரு பழைய எல்லைக்கல்லாவது வேண்டுமாம். வரைபடத்தில் இருந்த கல் ஒன்றுகூடத் தரையில் இல்லை. மனைக்காரர் கை கட்டிக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் என்னிடம் வந்து, முழங்கால் உயரத்துக்கு, ஒரு முகத்தில் அம்புக்குறி செதுக்கின கல் எதையாவது பார்த்திருக்கிறாயா என்று கேட்டார்.

என் கண் தானாகத் தம்பி பக்கம் போனது.

முதல் வருஷம் தம்பியின் கல்லைத் தேய்த்துக் கழுவும்போது அதில் ஒரு குறி இருந்தது. சிலுவையைத்தான் யாரோ கோணலாகச் செதுக்கித் தொலைத்திருக்கிறார்கள், பார்க்க அம்பு மாதிரி அசிங்கமாக இருக்கிறதே என்று, கெட்டியாகச் சுண்ணாம்பு குழைத்து என் கையாலேயே அடைத்துவிட்டேன். அதன் மேல் வருஷா வருஷம் வெள்ளை வேறு. எல்லைக்கல்லில் கை வைத்தால் ஜெயில் என்பது எனக்கும் தெரியும். விழுப்புரம் கோர்ட்டில் கூண்டில் நிற்கிற என் உருவம் கண் முன்னால் வந்து நின்றது.

வேலிப் பக்கம் ஒதுங்கி வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன். அவர் பாண்டிச்சேரியில் கட்டட வேலையில் இருந்தார். "இன்னா கேட்டாலும் தெரியாதுன்னு சொல்லிட்டு ஜல்தியா பஸ் ஏறு. பேஜாருல மாட்டிக்காத" என்றார். எனக்கும் அதுதான் ஆசை. பையைக்கூட எடுத்துவிட்டேன். ஆனால் தம்பியைத் தாண்டித்தான் வழி. அவன் தலையில் போன வருஷத்து மெழுகு உருகி உறைந்து கிடந்தது. கொத்துக்கரண்டியை எடுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன். அழுதுகொண்டுதான் சுரண்டினேன்.

எட்டு வருஷத்துச் சுண்ணாம்பு ஏடு ஏடாக விழுந்தது. அம்பின் மூக்கு தெரிந்ததும் அந்த அம்மாள் ஓடி வந்து மண்டியிட்டார். துடைத்தார், போட்டோ எடுத்தார், வரைபடத்தைப் பார்த்தார்.

"யாரும்மா இதுக்கு வெள்ளை அடிச்சது?"

"நான்தாங்க மேடம். சமாதின்னு நெனச்சிக்கினேங்க. மெழுகுவத்தி வேற ஏத்துவேன்."

அவர் கை மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "மத்த கல்லு அத்தனையும் புடுங்கிட்டாங்க. இத மட்டும் சமாதின்னு பயந்து உட்டிருக்காங்க" என்றார். கேஸ் எதுவும் எழுதவில்லை. இனிமேல் இதில் சுண்ணாம்பு படக் கூடாது என்று மட்டும் கண்டிப்பாகச் சொன்னார். அந்தக் கல்லை வைத்து அளந்ததில் எல்லைக் கோடு கல்லறைகளுக்கு மேற்கேதான் ஓடியது. பதினொன்றும் மனைக்குள் வரவில்லை.

மனைக்காரர் கல்லைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். போகும்போது கிட்டே வந்து, "எந்த ஊரும்மா நீங்க?" என்று கேட்டார். பயத்தில் பொய் சொல்லக்கூட வாய் வரவில்லை. திண்டிவனம் என்று சொல்லிவிட்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு வீட்டுக்காரரும் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். என்னைத் தனியாக விட அவருக்கும் பயம். பதினோரு கல்லறைகளும் பளிச்சென்று இருந்தன. தம்பி மட்டும் தோல் உரித்த மாதிரி சாம்பல் நிறத்தில் நின்றான். அடியில் யாருமில்லை என்பது இப்போது ஊருக்கே தெரியும். இதையும் பிடுங்கிப் போட ஒரு கடப்பாரை போதும்.

பதினொன்று ஏற்றியாயிற்றே, அது சர்க்கார் கல், வா போகலாம் என்றார் அவர். நான் பன்னிரண்டாவது வத்தியை எடுத்தேன். காற்றுக்குக் கையை மறைவாக வைத்து ஏற்றினேன். இத்தனை வருஷமும் அவன் முன்னால் முட்டி போட்டு, நிம்மதியாக இளைப்பாறு என்றுதான் வேண்டிக்கொண்டேன். இந்த வருஷம் குனிந்து, "தம்பி, தூங்கிடாத" என்று சொல்லிவிட்டு வந்தேன்.