தூசி இல்லாத இடம்

வால்பாறைக்குப் போனது மூன்று பேர். என் அக்காவின் கணவரான மாமா, நான், என்னோடு செராமிக் டிப்ளமோ படித்த மங்கலம்பேட்டை நண்பன். வராதவர்கள் அக்காவும், ஒன்றாம் வகுப்பு படிக்கும் அவள் மகளும். முதுகில் பையை மாட்டிக்கொண்டு, பஸ் மாறி பஸ் மாறிப் போய், கிடைத்த இடத்தில் படுத்து, நடந்து சுற்றிவிட்டு வருகிற பயணம் அவர்களுக்கு ஒத்துவராது என்று சொன்னவன் நான்தான். அக்கா வந்திருந்தால் முதல் நாள் மாலையே மாமாவின் முகத்தைப் பார்த்துத் திருப்பி அழைத்து வந்திருப்பாள்.

மாமாவுக்கு விருத்தாசலம் செராமிக் பேட்டையில் வேலை. பீங்கான் ஃபியூஸ் கேரியர் செய்கிற சின்ன யூனிட். வெங்கச்சங்கல் என்கிற குவார்ட்ஸ் கல்லை உடைத்துப் பொடியாக்கி, மூட்டை மூட்டையாகத் தூக்கிக்கொண்டுபோய் பால் மில் என்கிற சுழலும் உருளைக்குள் கொட்ட வேண்டும். பதினோரு வருடமாக அதைத்தான் செய்தார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது கண் இமை வரைக்கும் வெள்ளையாக இருக்கும். வாசலில் நின்று சட்டையைக் கழற்றி உதறிவிட்டுத்தான் உள்ளே நுழைவார். யூனிட்டில் தினமும் ஆளுக்கு ஒரு வாழைப்பழமும் ஓர் உருண்டை வெல்லமும் தருவார்கள். வெல்லத்தைத் தின்றால் தொண்டையில் படிந்த தூசி வயிற்றுக்கு இறங்கி வெளியே போய்விடும் என்பது பேட்டையில் எல்லோரும் நம்புகிற வைத்தியம்.

எங்கள் வகையறாவில் பள்ளிக்கூடத்தை முடித்து மேலே படித்த முதல் ஆள் நான். டிப்ளமோ இரண்டாம் வருடத்தில் சிலிக்கா தூசியைப் பற்றி ஒரு பாடம் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத பொடி நுரையீரலுக்குள் போய்த் தங்கும், தங்கியது திரும்பி வராது, அந்த இடம் தழும்பாகி இறுகும், மூச்சு குறையும். ஐந்து மதிப்பெண் கேள்வி. படம் போட்டு எழுதி நாலரை வாங்கினேன். அந்தப் பரீட்சைக்கு என்னை வண்டியில் கொண்டுபோய் விட்டவர் மாமா. அன்றைக்கும் அவர் வழியெல்லாம் இருமிக்கொண்டுதான் வந்தார்.

போன வருடம் அந்த இருமல் நிற்காமல் போனது. மூட்டையைத் தூக்கிவிட்டு அப்படியே அதன்மேல் உட்கார்ந்துகொள்ள ஆரம்பித்தார். டி.பி.யாக இருக்குமோ என்று பயந்து சளி பரிசோதனை செய்தோம். இல்லை என்று வந்தது. வீட்டில் அன்றைக்குக் கோழி அடித்தார்கள். டி.பி. இல்லை என்பதை ஒன்றுமே இல்லை என்று எடுத்துக்கொண்டோம். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். பாடத்தில் படித்தது மனதின் ஓர் ஓரத்தில் கிடந்தது. அதைத் தொட எனக்குத் தைரியம் இல்லை. மருந்து எழுதிக் கொடுத்த டாக்டர், கொஞ்ச நாள் தூசி இல்லாத இடத்தில் இருக்கச் சொல்லுங்கள் என்றார். யூனிட் மேனேஜரோ, ஆயுத பூஜை லீவு முடிந்து வரும்போது இருமல் இல்லாமல் வர வேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். மாமாவின் நெஞ்சும் வேலையும் அந்த நாலைந்து நாள் லீவில் வந்து நின்றன.

தூசி இல்லாத இடம் என்றால் எனக்கு வால்பாறைதான் ஞாபகத்துக்கு வந்தது. மேகம் தரையில் இறங்கி நடக்கிற ஊர், நாள் தவறாமல் மழை, இலையெல்லாம் ஈரம். அங்கே தூசி எப்படி இருக்கும்? மலைக்காற்று உள்ளே போனால் நெஞ்சு கழுவிவிட்ட மாதிரி ஆகிவிடும் என்று அக்காவிடம் சொன்னேன். அவள் மாமாவைப் பார்த்தாள்.

"அவன் படிச்சவன். அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் மாமா.

நண்பனின் அத்தா துபாயில் இருந்து கொண்டுவந்த பைகளில் இரண்டு எங்களுக்குக் கிடைத்தன. விடியற்காலை ரயிலில் சேலம், அங்கிருந்து பஸ்ஸில் கோயம்புத்தூர், பொள்ளாச்சி. மலையேறுகிற பஸ்ஸில் நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். பாதி பஸ் வாந்தி எடுத்தது. மாமா எடுக்கவில்லை. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, மகளுக்கு யானையைப் போட்டோ எடுத்து வருவதாகச் சொல்லியிருக்கிறேன், வளைவுக்கு வளைவு பார்த்துக்கொண்டே வா என்று என்னிடம் சொன்னார். ஊர் போய்ச் சேர்ந்தபோது இருட்டத் தொடங்கியிருந்தது. கடைவீதியில் ஒரு கடைக்கு மேலே வரிசையாகக் கட்டில் போட்ட ஹால். மாமா படுக்காமல் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்துகொண்டார். குளிருக்கு அப்படி இருப்பதாக நினைத்தேன்.

மறுநாள் காலையில் அவர் இருமவில்லை. நான் அதை எண்ணிக்கொண்டே இருந்தேன். டீ குடித்தார், இருமவில்லை. எஸ்டேட் ரோட்டில் ஒரு கிலோமீட்டர் மெதுவாக நடந்தோம், இருமவில்லை. தேயிலைச் சரிவில் காட்டுமாடு ஒன்று முழங்கால் வரைக்கும் வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி நின்றது. தேயிலைக்கு நடுவே மிச்சம் விட்டுவைத்த காட்டில் இருந்து சோலைமந்திக் கூட்டம் ஒன்று ரோட்டோர மரத்துக்கு இறங்கியது. கறுப்பு உடம்பு, முகத்தைச் சுற்றி நரைத்த பிடரி. ஒரு பெரிய ஆண் மந்தி எங்களை அசையாமல் பார்த்தது.

"மச்சான், அங்க பாரு. நம்ம மேனேஜரு லீவுக்கு இங்க வந்துகீறாரு" என்றார் மாமா.

"சத்தமா சொல்லாதீங்கண்ணே, சம்பளத்த புடிச்சுரும்" என்றான் நண்பன்.

மாமா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அதற்கும் இருமல் வரவில்லை. பனிக்குள் பையை மாட்டிக்கொண்டு இரண்டு கையையும் விரித்து நின்றார். நான் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். என் படிப்பு ஒரு காரியத்துக்கு உதவிவிட்டது என்று அன்றைக்கு முழுவதும் எனக்குள் ஒரு மிதப்பு இருந்தது.

அந்த மிதப்பில்தான் அடுத்த நாள் மேட்டுப் பாதைக்குக் கூட்டிப்போனேன். எஸ்டேட் குடியிருப்புக்குப் பின்னால் ஏறுகிற பாதை. மேலே போனால் பழமரத்துக்கு இருவாச்சிப் பறவை வரும் என்று டீக்கடைக்காரர் சொல்லியிருந்தார். இரண்டு கிலோமீட்டர் இருக்கும். மழை தூறியது. பேண்ட்டை சாக்ஸுக்குள் விட்டு, அட்டை ஏறாமல் இருக்கப் புகையிலைத் தண்ணீரைத் தடவிக்கொண்டு நடந்தோம். மாமா மூன்று இடத்தில் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினார். மூன்றாவது முறை அவர் கை கயிற்றைத் தொடவே இல்லை. நண்பன் அதைப் பார்த்துவிட்டு, திரும்பிவிடலாம் என்று என் காதில் சொன்னான். இன்னும் கொஞ்ச தூரம்தான், நல்ல காற்று என்றேன்.

இருவாச்சி வந்தது. பறவைக்கு முன்னால் சத்தம் வந்தது, இன்ஜின் மூச்சு விடுகிற மாதிரி. மாமா தலையைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு வேகமாக மேலே வைத்தார். அப்போதுதான் இருமல் பிடித்தது. இரண்டு நாள் இருமலும் சேர்ந்து வந்ததுபோல நிற்காமல் இருமினார். நடுவில் ஏதோ அறுந்தமாதிரி வலது விலாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஈரத்தில் உட்கார்ந்தார். உதடு கத்தரிக்காய் நிறத்துக்கு மாறியது. வாயைத் திறந்து திறந்து மூடினார். சுற்றி அவ்வளவு காற்று இருந்தது. அவருக்குள் எதுவும் போகவில்லை.

நண்பன் இறக்கத்தில் விழுந்தடித்து ஓடி, தேயிலை மூட்டை ஏற்றுகிற வேன் ஒன்றை வளைத்துக்கொண்டு வந்தான். ஈர இலை மூட்டைகள்மேல் மாமாவைச் சாய்த்துப் பிடித்தபடி ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஆக்ஸிஜன் வைத்தார்கள். நுரையீரலில் ஓட்டை விழுந்த மாதிரித் தெரிகிறது, உடனே கீழே கொண்டுபோங்கள் என்று ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

கீழே இறங்குகிற ரோட்டில் பாதி வழியில் வண்டி நின்றது. முன்னால் இரண்டு லாரி, ஒரு பஸ். வனத்துறை ஆள் ஒருவர் கையைக் காட்டி, யாரும் ஹாரன் அடிக்கக் கூடாது என்று சைகை செய்தார். யானைகள். தேயிலையில் இருந்து ரோட்டுக்கு இறங்கி, தடுப்புச் சுவரை உரசிக்கொண்டு நின்றன. டிரைவர் சைரனை நிறுத்தினார், இன்ஜினையும் நிறுத்தினார். பனி கண்ணாடியில் வழிந்தது. சிலிண்டரில் முள் இறங்குவதையே நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட வந்த நர்ஸ் என்னைப் பார்க்காமல் குழாயைச் சரிசெய்தார்.

மாமா முகமூடிக்குள்ளிருந்து ஏதோ கேட்டார். குனிந்து காதை வைத்தேன்.

"யானையா?"

"ஆமாம் மாமா."

"எத்தினி?"

"அஞ்சு. ஒண்ணு குட்டி."

"போட்டோ எடு. பாப்பாக்கு."

நான் போனை எடுத்துக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தேன். கண்ணாடியில் வழிந்த பனியில் வெறும் வெள்ளைதான் விழுந்தது. முக்கால் மணி நேரம் கழித்து அவை தாமாகவே சரிவில் இறங்கின. கடைசியாகக் குட்டி போனது.

பொள்ளாச்சியில் விலாவில் துளை போட்டு ட்யூப் விட்டார்கள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த டாக்டர், இவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். சொன்னேன். எத்தனை வருடம் என்று கேட்டார். சொன்னேன். முகமூடி போடுவாரா என்று கேட்டதற்கு, அந்தத் தூசி நுரையீரலில் தங்கி என்னவெல்லாம் செய்யும் என்று என் வாய் தானாகவே பரீட்சை விடையை ஒப்பித்தது. டாக்டர் படத்தை மேசைமேல் வைத்தார்.

"தெரிஞ்சுமா தம்பி மலை ஏத்துனீங்க?"

மறுநாள் அக்கா வந்தாள். பாப்பாவைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத் தனியாக பஸ் ஏறி வந்திருந்தாள். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அவள் மாமாவின் காலடியில் உட்கார்ந்து அவர் பாதத்தில் அட்டை கடித்த இடங்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். 

நாலாம் நாள் ஊருக்குக் கொண்டுவந்தோம். பிறகு புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, நான் ஐந்து மதிப்பெண்ணுக்கு எழுதிய அதே பெயரைத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள். இனி வேலைக்குப் போக முடியாது, வீட்டிலும் ஆக்ஸிஜன் மெஷின் வேண்டும் என்றார்கள். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு நானும் அக்காவும் யூனிட்டுக்குப் போனோம். வேலையால் வந்த நோய்க்கு நஷ்டஈடு கேட்கலாம் என்று படித்த தைரியம் எனக்கு.

மேனேஜர் மரியாதையாகவே பேசினார். உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார். பிறகு தன் போனை மேசைமேல் எங்கள் பக்கமாகத் திருப்பி வைத்தார். பனிக்குள் கையை விரித்துச் சிரித்துக்கொண்டு நிற்கிற மாமா. யாரோ என் ஸ்டேட்டஸில் இருந்து எடுத்து அனுப்பியிருந்தார்கள்.

"பாருங்கம்மா, டூரு போயி மலையேறுற அளவுக்குத் தெம்பாத்தான் இருந்துருக்காரு. மலையில மூச்சு நின்னுதுன்னா அதுக்குக் கம்பெனி என்னாங்க பண்ணும்?"

எக்ஸ்ரேயில் தெரிவது பதினோரு வருடத் தூசி என்று சொன்னேன். அப்படியென்றால் கோர்ட்டுக்குப் போங்கள், எத்தனை வருடம் ஆனாலும் ஆகட்டும் என்றார். மாமாவுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, கையில்தான் வாங்கினார். இஎஸ்ஐயும் கிடையாது. வாடகைக்கு எடுத்த மெஷினுக்குப் பணம் கட்டாவிட்டால் அந்த வாரமே திருப்பிக் கொடுத்தாக வேண்டும். மேனேஜர் ஒரு தாளை நீட்டினார். இதில் கையெழுத்துப் போட்டால் முதலாளி மனிதாபிமானத்தில் இருபதாயிரம் தருவார் என்றார்.

"என்னா எழுதிருக்குது, படிடா தம்பி" என்றாள் அக்கா.

படித்தேன். சுற்றுலா சென்ற இடத்தில் ஏற்பட்ட உடல்நலக் குறைவுக்கும் நிறுவனத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, பின்னால் எதுவும் கேட்க மாட்டோம். ஒரு வரி விடாமல் படித்தேன். கையெழுத்துப் போட வேண்டாம் என்றேன். மெஷினுக்குப் பணம் நீ எங்கிருந்து கொண்டுவருவாய் என்று அவள் கேட்கவில்லை.  பேனாவை வாங்கித் தன் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினாள். சாட்சி என்ற இடத்தில் நான் போட்டேன்.

இப்போது மாமா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறார். மூக்கில் குழாய், பக்கத்தில் மெஷின். கரண்ட் போனால் அக்கா விசிறியை எடுக்கிறாள். அதனால் ஒன்றும் ஆகாது என்று தெரிந்தும் வீசுகிறாள். போன வாரம் மாமா என்னைக் கிட்டே கூப்பிட்டு, வார்த்தைக்கு வார்த்தை மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டார்.

"மலைக்குப் போயி வந்ததுல... மொத்தம் எவ்ளோ ஆச்சு மச்சான்?"

பஸ், வேன், ஆஸ்பத்திரி, ஊருக்கு வந்த வண்டி, ஸ்கேன், மருந்து, மெஷின் எல்லாவற்றையும் கூட்டினேன். யூனிட் கொடுத்த இருபதாயிரத்தைக் கழித்தேன். ஒரு லட்சத்து இருபதாயிரத்து எழுநூறு ரூபாய் என்றேன்.