பதினாறு கோரும் ஒரு கட்டிங் மாஸ்டரும்

"பத்துப் பேர் சேர்ந்தால் வேலை பத்து மடங்கு சீக்கிரம் முடியுமா, சார்?" என்று ஒரு மாணவி முன்பு கேட்டாள். முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். இன்று செம்பூரில் ஒரு கணினிக் கடையில் அந்தப் பதில்மேல் எனக்கே சந்தேகம் வந்தது.

தாராவியில் கேம் சென்டர் நடத்தும் ஜெசிந்தா, புதுக் கணினி வாங்க என்னைத் துணைக்கு அழைத்திருந்தாள். பிள்ளைகள் விரும்பி ஆடும் கார் பந்தயம் அவள் கணினிகளில் திக்கித் திக்கி ஓடுகிறது. பாதிப் பேர் வேறு சென்டருக்குப் போய்விட்டார்கள்.

கடைக்காரர் பதினாறு கோர் கணினியைக் காட்டினார். கோர் என்பது கணினியின் செயலிக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடும் ஒரு பகுதி. "எட்டு கோர்ல என்ன ஓடும்? இதுல ஏக்தம் மக்கன், வெண்ணெய் மாதிரி வழுக்கிட்டு ஓடும்!"

ஆனால் அவர் ஓட்டிக் காட்டியது வேறு விளையாட்டு. எனக்கு உறுத்தியது.

"அந்தக் கார் பந்தயத்தையே போடுங்களேன்" என்றேன்.

தயங்கித்தான் போட்டார். அதிலும் திக்கியது. எந்தக் கோர் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொன்னேன். ஒரு கோர் மூச்சுவாங்கியது. மற்றவை ஏறக்குறைய சும்மா இருந்தன.

ஜெசிந்தா சிரித்துவிட்டாள். "எங்க வீட்டுக்காரர் தையல் பட்டறை கணக்கால்லா இருக்கு! கட்டிங் மாஸ்டர் வெட்டித் தந்தாத்தான மத்தவங்க தைக்க முடியும்? இன்னும் எட்டுப் பேரை உக்கார வச்சா சாயாதான் குடிப்பாவ."

"புது கேம்னா எல்லா கோருக்கும் வேலையைப் பிரிச்சுக் கொடுக்கும்" என்றார் கடைக்காரர். அது உண்மைதான்.

"எங்க பிள்ளைய கேக்கது பழைய கேமைல்லா அண்ணே. ஒவ்வொரு கோரும் தனியா வேகமா இருக்கதைக் காட்டுங்க."

உள்ளேயிருந்து வேறொரு எட்டு கோர் கணினி வந்தது. பந்தயம் தடங்கலின்றி ஓடியது. இதை ஏன் முதலில் காட்டவில்லை என்று கேட்டேன். எங்களுக்கு டீ சொல்லப் போய்விட்டார்.

கணினி வாங்கும்முன், நீங்கள் ஆடும் விளையாட்டையே கடையில் ஓட்டிப் பாருங்கள்.