எந்தப் பல் என்று கேட்டார்

இன்று பல் வேர் சிகிச்சை. ஊசிக்கு முன்னால் டாக்டர் ஒரு வலி மாத்திரையை நீட்டினார்.

"முழுங்கிட்டு உட்காருங்கம்மா. கொஞ்ச நேரத்துல ஊசி போட்டுறலாம்."

பயம் வந்தது. ஊசிக்காக இல்லை, மாத்திரைக்காக.

எண்பதுகளில் இலங்கை மலையகத்து வட்டகொடையில் தேயிலைக் கொழுந்து எடுத்த காலம். கடைவாய்ப் பல் உயிரை வாங்கியது. தோட்டத்து டிஸ்பென்சரியில் தந்த வெள்ளை மாத்திரை இரண்டை முழுங்கிவிட்டு ஹட்டன் பல் டாக்டரிடம் போக ரயிலேறினேன். ஹட்டனில் இறங்கும்போது வலியே இல்லை.

நாற்காலியில் சாய்த்து அந்த டாக்டர் கேட்டார், "எந்தப் பல்லு?"

தெரியவில்லை. ஒவ்வொன்றாகத் தட்டினார். எல்லாம் சும்மா இருந்தன. வலிக்கவில்லை என்று திரும்பிப் போனால் கங்காணி இன்னொரு நாள் லீவு தருவாரா?

"இதுதாங்க" என்று ஒன்றைத் தொட்டுக் காட்டினேன். மரத்துப்போக ஊசி போட்டுப் பிடுங்கிவிட்டார்.

ரயில் வட்டகொடையை நெருங்கும்போது பழைய இடத்தில் பழைய வலி.

அதனால்தான் இன்று சொன்னேன், "மொதல்ல எந்தப் பல்லுன்னு எழுதிக்கிருங்க. அப்புறம் முழுங்குறேன்."

டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்டிச் சிரித்தார். "படம் பொய் சொல்லாதும்மா."

படம் சொல்லாது. அன்றைக்குச் சொன்னது நான்தானே.

நல்ல பல்லைக் காட்டிக்கொடுத்த பாவி இங்கே நான் மட்டும்தானா?