மஞ்சளுக்கு அடியில் இருந்த முகம்

மலாயாவில், லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மழைத்தண்ணீர் வடியக் கான் வெட்டப் போன அய்யாவுவின் மண்வெட்டியில்தான் அந்தக் கல் தட்டுப்பட்டது. முழங்கால் உயரம். மண் அப்பிய முகம், மார்போடு அணைத்த ஒரு குழந்தை. கையில் பிள்ளை இருந்தால் பேச்சியம்மன்தானே! கூலிகள் குடியிருந்த லயத்துச் சனம் வேறு யோசனையே பண்ணவில்லை. சரியாகக் கழுவக்கூட இல்லை. மரத்தடியில் நிறுத்தி, மஞ்சளை அப்பி, சிவப்புச் சேலை சுற்றிக் குலவை போட்டுவிட்டார்கள். அய்யாவுவின் பெண்டாட்டி செல்லம் அங்கேதான் சுகப்பிரசவத்துக்கு வேண்டிக்கொண்டாள். பெண் பிறந்தது. செல்லம் பிழைக்கவில்லை.

அப்புறம் ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். "ஆம்பள கையில பச்சப்புள்ள தங்குமா மச்சான்? எங்கிட்ட குடுத்துருங்க," என்றாள் கொழுந்தியாள் வெள்ளையம்மா. அவள் குடும்பம் கப்பலேறி ஊருக்கே திரும்ப இருந்தது. நல்ல மனசுக்காரி, குறை சொல்ல முடியாது. அய்யாவு வாயில்லாப் பூச்சி, தலையாட்டிவிட்டான். அம்மன் முன்னால் கைமாற்றுவதாகப் பேச்சு. பிள்ளை அவன் விரலைப் பிடிக்கும்போதெல்லாம் அதை உருவாமல் அப்படியே உட்கார்ந்திருப்பான்.

பிள்ளையைக் கைமாற்ற மரத்தடியில் கூடிய அன்றைக்கென்று பார்த்து, பழங்காலத்துப் பொருள்களை ஆராயும் வெள்ளைக்காரர் ஒருவர் சேதி கேட்டு வந்து நின்றார். மொழிபெயர்க்க, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி செல்லப்பன். கல்லைக் கழுவ வேண்டுமாம். சனம் முணுமுணுத்தது. தோட்டத்துத் துரையின் உத்தரவாயிற்றே, என்ன செய்வது? கண்டெடுத்தவன் என்று அய்யாவுவையே ஏவினார்கள். பிள்ளையை இடது கையில் அணைத்துக்கொண்டு, வலது கையால் சேலையை அவிழ்த்துத் தண்ணீர் ஊற்றித் தேய்த்தான்.

மஞ்சள் கரைந்தது. அடியிலிருந்த மண்ணும் கரைந்தது. தாடையிலிருந்து நெஞ்சுவரை, கோடு கோடாகச் செதுக்கிய தாடி!

"அலமாக்! ஆம்பளயா இது?" என்றார் செல்லப்பன்.

வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு மண்டியிட்டார். அவர் சொன்னதைச் செல்லப்பன் மெதுவாகச் சொன்னார்: "இரும்பே இல்லாத காலமாம். கல்லால கல்லச் செதுக்கியிருக்காங்க. எத்தன ஆயிரம் வருசம்னு அவருக்கே தெரியலையாம்."

அய்யாவுவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. அம்மாடி! இரும்பு இல்லாத காலத்தில், இதே காட்டில், ஒருத்தன் பிள்ளையை ஏந்தி நின்றிருக்கிறான். அதைப் பார்த்து மலைத்துப்போன எவனோ மாசக்கணக்கில் உட்கார்ந்து கல்லைக் கொத்தியிருக்கிறான். அந்தக் கல் விரல்கள் பிள்ளையின் பிடரியைத் தாங்கி விரிந்திருந்தன. தன் கையைக் குனிந்து பார்த்தான். அதுவும் அப்படியேதான் இருந்தது.

வெள்ளையம்மா கைகளை நீட்டினாள். "நல்ல நேரம் போகுது மச்சான். குடுங்க."

"வேணாம்மா," என்றான். "புள்ள எங்கிட்டயே இருக்கட்டும். நான் வளப்பேன்."

அவள் கல்லைப் பார்த்தாள், அவன் கையைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பால் குடிச்சதும் தோள்ல போட்டு முதுகத் தட்டணும், மறந்துறாதீங்க," என்றாள்.