ஹாட்பாக்ஸ் குவிந்த ஐப்பசி

சென்ற மாதம் அலுவலகத் தோழி ஒருத்தி, ஓசூரில் புதிதாகத் திறந்த ஒரு கடைக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாள். கண்ணாடிக் கதவு, ஏசி, மெல்லிய பாட்டு. யாரோ உடுத்திச் சலித்த சட்டைகளும் தூக்கிச் சலித்த கைப்பைகளும் வரிசையாகத் தொங்கின. வாசலில் ‘த்ரிஃப்ட் ஸ்டோர்’ என்று பலகை. கடையை நடத்தும் இளைஞரிடம் வியாபாரம் எப்படி என்று கேட்டேன்.

“விக்கிறது பரவால்ல மேடம். கொண்டாந்து கொடுக்கிறவங்களைத்தான் தாங்க முடியல. எந்த மாசம் எது வரும்னே தெரியல” என்றார்.

உலகமெங்கும் இந்தத் தொழிலுக்கு இதே தலைவலிதான் என்று எங்கோ படித்திருக்கிறேன். ஆனால் ஓசூரில் எந்த மாதம் எது வரும் என்பதை எங்கள் அத்தையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பாள்.

அத்தை அப்பாவின் தங்கை. நாங்கள் சாத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை கிடைத்து அப்பா ஓசூருக்கு வந்தார். நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது, அத்தை தன் புருஷன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பெட்டியோடு எங்களிடம் வந்து சேர்ந்தாள். ஏன் வந்தாள் என்பதை என் எதிரில் யாரும் பேசவில்லை. சில மாதங்களில், எங்கள் வீட்டுச் சொந்தக்காரரான ஓனரம்மாவிடம் கேட்டு, காரில்லாத கார் ஷெட்டில் ஒரு கடை வைத்தாள். பழைய சாமான் கடை என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். “பழசுன்னா ஒடைஞ்சது. இது ஆள் மாறுன சாமான்” என்பாள்.

அந்தத் தொழிலுக்கு ஒரு பஞ்சாங்கம் இருந்தது. மே மாதத்தில் மாற்றலாகிப் போகிறவர்களின் கட்டிலும் மேஜை மின்விசிறியும் வந்து இறங்கும். ஜூன் ஜூலையில் அவற்றை வாங்க ஆட்கள் வந்துவிடுவார்கள். ஐ.டி.ஐ. முடித்துக் கான்ட்ராக்ட் வேலைக்கு வரும் பையன்கள்; ஓர் அறைக்கு ஐந்தாறு பேர், எல்லோருக்கும் சேர்த்து ஒரு வாளி. ஆடியில் ஈ ஓட்டலாம். தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் பழைய மிக்சிகள் வீட்டை விட்டு வெளியேறும். போகிக்கு முந்தைய வாரம் துணி மழை.

பஞ்சாங்கத்தோடு இரண்டு விதிகளும் இருந்தன. முதல் விதி, ஒரு தெருவில் வந்த பொருளை அதே தெருவில் விற்கக் கூடாது. “இவ கொடுத்த சேலையை எதுத்த வீட்டுக்காரி கட்டிக்கிட்டுத் தண்ணி பிடிக்க வந்தா, ரெண்டு பேரும் என் கடைப் பக்கம் வரமாட்டாக தாயி” என்று எனக்கு விளக்கினாள். அதனால் ரயில்பாதைக்கு இந்தப் பக்கம் கிடைத்த சேலைகள், துவைத்துக் கஞ்சி போட்டு இஸ்திரியான பிறகு, அந்தப் பக்கம் போய்ப் புதுவாழ்வு வாழ்ந்தன. இரண்டாம் விதி, யார் எதைக் கொண்டுவந்தாலும் வேண்டாம் என்று சொல்லக் கூடாது. இன்று கிழிந்த பையைத் திருப்பி அனுப்பினால், நாளைக்கு அவர்கள் நல்ல குக்கரை வேறெங்காவது கொடுத்துவிடுவார்கள்.

இந்த இரண்டாம் விதிதான் கடையைக் கவிழ்க்கப் பார்த்தது.

அம்மா அது நான் நான்காம் வகுப்பு படித்த வருஷம் என்பாள். தவறு. ஐந்தாம் வகுப்புதான். அந்த வருஷம்தான் பள்ளியில் எனக்குக் கன்னடம் பேசும் பக்கத்து இருக்கைக்காரி அமைந்தாள். கதைக்கு அவள் கற்றுக்கொடுத்த கன்னடம் தேவைப்படுகிறது.

ஓசூரில் ஆயுத பூஜைக்குக் கம்பெனிகள் பொரி, இனிப்போடு ஒரு பரிசுப் பொருளும் கொடுப்பது வழக்கம். ஒரு வருஷம் சுவர்க்கடிகாரம், ஒரு வருஷம் டிராவல் பேக். அந்த வருஷம் கடைவீதியில் எந்த மொத்த வியாபாரி எப்படிப் பேசி மயக்கினாரோ, பல கம்பெனிகள் ஒரே மாதிரி ஹாட்பாக்ஸைக் கொடுத்துவிட்டன. ரோஸ் நிற உடம்பு, உள்ளே எவர்சில்வர், மூடியில் அந்தந்தக் கம்பெனியின் பெயர். அப்பன் ஒரு கம்பெனி, மகன் ஒரு கம்பெனி, மச்சான் ஒரு கம்பெனி என்று இருந்த வீடுகளில் இட்லியைவிட ஹாட்பாக்ஸ் அதிகமாகிவிட்டது.

ஐப்பசி பிறந்ததும் அவை அத்தையிடம் வர ஆரம்பித்தன. முதல் சிலவற்றை அவள் மகிழ்ச்சியோடு வாங்கி வைத்தாள். பிரிக்காத அட்டைப்பெட்டியோடு புதுச்சாமான் வருவது அபூர்வம் அல்லவா. பிறகு பைபையாக வந்தன. விதிப்படி ரயில்பாதைக்கு அந்தப் பக்கம் தூக்கிக்கொண்டு போனாள். அங்கே ஒரு பெண் கதவைத் திறந்து, அத்தையின் கையைப் பார்த்துவிட்டு, “நல்லவேளை வந்தீங்க. எங்க வீட்டுலயும் மூணு இருக்கு, எடுத்துட்டுப் போங்க” என்றாள். அத்தையால் வேண்டாம் என்று சொல்ல முடியவில்லை. விற்கப் போனவள் கூடுதல் சுமையோடு திரும்பினாள்.

ஷெட் நிரம்பி, ஹாட்பாக்ஸ்கள் வாசலுக்கு வந்தன. போர்வெல் மோட்டாருக்குப் போகும் வழியை அடைத்தன. ஓனரம்மா தெலுங்குக்காரர், கோபம் வந்தால் மட்டும் பிசிறில்லாத தமிழில் பேசுவார். “இது வீடா, குடோனா? அடுத்த வாரம் வாசல்ல ஒரு டப்பா இருந்தாலும் ஷெட்டைக் காலி பண்ணிடணும்” என்றார்.

அன்று மாலையே சாத்தூரிலிருந்து பெரியப்பாவின் போன் வந்தது. ஊர்ச்செய்தி பஸ்ஸைவிட வேகமாகப் போகும். அப்பா ஸ்பீக்கரில் போட்டதால் எல்லோருக்கும் கேட்டது. கடை போனால் அவளுக்கு அங்கே என்ன வேலை, கார்த்திகையில் நான் வந்து கூட்டிப்போகிறேன், மாப்பிள்ளையிடம் பேசிவிட்டேன், பழையபடி கொண்டுபோய் விட்டுவிடலாம் என்றார். அத்தை எழுந்து போய், காய்ந்த துணிகளை மடித்தாள். மடித்தவற்றைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். அத்தை ஊருக்குப் போனால் நாமும் லீவுக்குப் போகலாமே என்பதுதான் எனக்குத் தோன்றியது.

மறுநாள் அவள் ஒரு முடிவோடு எழுந்தாள். கம்பெனி இல்லாத ஊருக்குக் கொண்டுபோக வேண்டும். தளி! கர்நாடக எல்லையை ஒட்டிய குளிர் ஊர், விவசாயக் குடும்பங்கள், ஆயுத பூஜைக்குப் பரிசு கொடுக்க யாரும் கிடையாது. குளிரில் சோற்றைச் சூடாக வைத்திருக்கும் டப்பா என்றால் பறந்தடித்துக்கொண்டு வாங்குவார்கள்.

அப்பாவுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. “கம்பெனி பேர் போட்ட பரிசைச் சந்தையில கூவி விக்கிறதா? சூப்பர்வைசர் பார்த்தா என்ன நினைப்பார்?” என்றார். சரி, பெயரை அழித்துவிடலாம் என்று அத்தை ஒரு மூடியை எடுத்துத் தேங்காய் நாரால் தேய்த்தாள். பிறகு மண்ணெண்ணெய். பிறகு அம்மாவின் நகப்பூச்சு அழிக்கும் திரவம். மூடியின் பளபளப்புத்தான் போனது, பெயர் அப்படியே நின்றது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் முகத்தில் கோபம் மாறிப் பெருமை வந்தது. “போகாது. எங்க கம்பெனி கொடுத்தது” என்றார். அதற்குப் பிறகு அவர் தடுக்கவில்லை.

பள்ளி இல்லாத ஒரு சந்தை நாளில் கிளம்பினோம். அத்தைக்குக் கன்னடம் தெரியாது என்பதால் என்னையும் கூட்டிக்கொண்டாள். பழைய போர்வைகளில் மூட்டை கட்டி, அப்பா பஸ்ஸின் கூரையில் ஏற்றிவிட்டார். இடம் போதாமல் மிச்சம் உள்ளே வந்தது. மேடு பள்ளத்தில் எல்லாம் சேர்ந்து கடகடவென்று அதிர்ந்தன.

“என்னக்கா, கல்யாண வீடா?” என்றார் கண்டக்டர்.

“எல்லாம் காலி டப்பா தம்பி.”

“காலி டப்பாவுக்கா இந்தச் சத்தம்? சானமாவு காட்டு யானையெல்லாம் கர்நாடகாவுக்கே திரும்பிப் போயிருக்கும்!”

சந்தையில் பூ விற்கிற பெண்களுக்குப் பக்கத்தில் எங்களுக்கு இடம் கிடைத்தது. அத்தை ஒரு வித்தை வைத்திருந்தாள். விடிகாலையில் கிண்டிய கேழ்வரகுக் களியை ஒரு ஹாட்பாக்ஸில் உருட்டி வைத்துக் கொண்டுவந்திருந்தாள். கூட்டம் சேர்ந்ததும் மூடியைத் திறந்தாள். குப்பென்று ஆவி எழுந்தது. எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். ஒரு பெரியவர் உருண்டையைத் தொட்டுப் பார்த்தார், எடுத்தார், நின்றபடியே சாப்பிட்டார், கொஞ்சம் குழம்பு இருந்தால் இன்னும் நன்றாயிருக்கும் என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போய்விட்டார். நான் மொழிபெயர்த்தேன். அத்தை என்னை முறைத்தாள்.

யாரும் வாங்கவில்லை. பூக்காரப் பெண் ஒருத்தி காரணத்தையும் சொன்னாள். களியைக் கிண்டினால் அடுப்படியிலேயே உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிட்டுவிடுகிறோம். சாப்பிட்டுத் தீர்ந்ததை எதற்கு மூடி வைக்க வேண்டும்? இதையும் மொழிபெயர்த்தேன். “வெறும் வாயை வச்சுக்கிட்டு சும்மா இரு தாயி” என்றாள் அத்தை. மூட்டைகளைத் திரும்ப ஏற்றுவதற்குக் கூலிக்கு ஆள் கிடைக்குமா என்று சுற்றிலும் பார்த்தாள்.

வெயில் ஏறியது. தளி குளிர்ந்த ஊர்தான். ஆனாலும் உச்சிவேளையில் வெயிலும் காற்றும் சேர்ந்தால் கட்டின பூ தாங்காது. பெண்கள் ஈரத்துணியை நனைத்து நனைத்துக் கூடைமேல் போட்டுக்கொண்டிருந்தார்கள். காரணம் சொன்ன அந்தப் பெண் எங்கள் பக்கம் திரும்பி, கையெட்டும் தூரத்திலிருந்த ஒரு ஹாட்பாக்ஸை எடுத்து, தன் பூப்பந்தை அதற்குள் வைத்து மூடி, மடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கேட்கவில்லை.

அத்தை பதறிப்போனாள். “ஏ தாயி, வாங்கச் சொல்லு, இல்ல வைக்கச் சொல்லு. பூ வாடை ஏறிடுச்சுன்னா அப்புறம் இட்லியெல்லாம் மல்லிகையா மணக்கும்!”

கொஞ்ச நேரம் இருக்கட்டும், டப்பா தேய்ந்துவிடாது என்று பதில் வந்தது. அத்தைக்குச் சண்டை போட மொழி இல்லை. எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சண்டைக்கான சொற்களை என் தோழி சொல்லித்தரவில்லை.

மதியம் சாய்ந்தபோது அந்தப் பூக்காரப் பெண் மூடியைத் திறந்தாள். சரம் அப்போதுதான் கட்டியதுபோல் ஈரம் மின்ன இருந்தது. மற்றக் கூடைகளில் ஓரத்துப் பூக்கள் தலை சாய்ந்துவிட்டிருந்தன. “பாடில்ல, நோடு!” என்று பக்கத்தில் இருந்தவளிடம் காட்டினாள். வாடவில்லை, பார் என்கிறாள் என்று நான் சொல்வதற்குள் அத்தைக்கே புரிந்துவிட்டது. சூட்டை உள்ளே பூட்டி வைக்கிற டப்பா குளிர்ச்சியையும் பூட்டி வைக்கும் என்பது அதைச் செய்த கம்பெனிக்குத் தெரிந்திருக்கும். அது வரைக்கும் எங்களுக்குத் தெரியாது.

அடுத்த அரைமணி நேரம் நான் யாருக்கும் மொழிபெயர்க்கவில்லை. அத்தை தமிழில் கத்தினாள், அவர்கள் கன்னடத்தில் கத்தினார்கள், பேரம் அழகாகப் படிந்தது. தினமும் முதல் பஸ்ஸில் ஓசூருக்குப் பூ கொண்டு போகிறவர்கள் ஆளுக்கு இரண்டு வாங்கினார்கள். வராத உறவுகளுக்கும் சேர்த்து ஒருத்தி ஒரு மூட்டையையே தூக்கிக்கொண்டாள். களி வைத்திருந்த டப்பாவைக்கூடக் கழுவி விற்றோம். போர்வைகளை மட்டும் மடித்துக்கொண்டு பஸ் ஏறினோம். அதே கண்டக்டர்தான். “என்னக்கா, கல்யாணம் முடிஞ்சுதா?” என்றார். “ஜாம் ஜாம்னு” என்றாள் அத்தை.

அந்த மார்கழியில் ஓசூர் பஸ் நிலையத்து வாசலில் வரிசையாக ரோஸ் நிற ஹாட்பாக்ஸ்கள் உட்கார்ந்திருந்தன. எங்கள் தெருப் பெண்கள், தாங்கள் கொடுத்த டப்பாவிலிருந்தே முழம் போட்டுப் பூ வாங்கினார்கள். அப்பாவின் சூப்பர்வைசரும் வாங்கினாராம். நம்ம கம்பெனி எவ்வளவு தூரம் போயிருக்கிறது பாருங்கள் என்று சந்தோஷப்பட்டாராம். முதல் விதியை மீறாமல் மீறிய ஒரே வியாபாரம் அது.

ஆனால் அதெல்லாம் பிறகு. சந்தையிலிருந்து திரும்பிய அன்று ஓனரம்மா வெறுமையான வாசலைப் பார்த்துவிட்டு, போய் மோட்டாரைப் போட்டார். அப்பா பெரியப்பாவுக்குப் போன் செய்து, “நீ வர வேண்டாம்ணே. அவளுக்கு இங்க வேலை கெடக்கு” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா ரசம் ஊற்றினாள். அத்தை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

“மதினி, ரசத்துல உப்பே இல்லையே. புளியும் பத்தல.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, தீய்ந்த தோசையானாலும் குழைந்த சோறானாலும் “நல்லாருக்கு மதினி” என்பதைத் தவிர அத்தை வேறெதுவும் சொன்னதில்லை. இன்னொரு கரண்டி வேண்டும் என்று கேட்டதும் இல்லை. ஒரு நாள் வியாபாரம் நடந்ததும் இவ்வளவு திமிரா என்று நினைத்தேன். அம்மா சும்மா விடமாட்டாள் என்று அவள் முகத்தைப் பார்த்தேன்.

அம்மா உப்புக் கிண்ணத்தை அத்தை பக்கம் நகர்த்தினாள். “குறை சொல்லத் தெரியுதுல்ல? நாளையில இருந்து நீயே ரசம் வை. உன் வண்டவாளமும் தெரியட்டும்” என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். அப்பாவும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டு சிரித்தார். அத்தை இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னாள்.

உப்பில்லாத ரசத்தில் இந்த மூன்று பேருக்கும் என்ன சந்தோஷம் என்று எனக்கு விளங்கவே இல்லை. அம்மாவுக்காக நான் ஒருத்திதான் கோபப்பட வேண்டியிருந்தது. ரசம் ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அத்தைக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொல்லிவிட்டு, என் தட்டைக் காலி செய்தேன்.