டயருக்குப் பன்னிரண்டு குடம்

கஸ்தூரிக்கு டிராக்டர் ஓட்டத் தெரியாது. ஆனால் அது எதனால் மண்ணைப் பிடித்து இழுக்கிறது என்று தெரியும்.

1974இல் அவள் கணவர் இராமலிங்கம் வங்கிக் கடனில் ஒரு சின்ன டிராக்டர் வாங்கித் தங்கள் ஊர் வேங்கிக்காலுக்கு ஓட்டி வந்தார். சிவப்பு வண்டி. முதல் உழவிலேயே அது மானத்தை வாங்கிவிட்டது. மல்லாட்டை என்கிற நிலக்கடலை போடுவதற்காக உழப்போன மானாவாரிச் செம்மண் கொல்லையில் கலப்பை இறங்கியதும், பின்சக்கரம் இரண்டும் நின்ற இடத்திலேயே சுழன்று குழி பறித்தன. வரப்பில் நின்றவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

மறுநாள் செங்கம் ரோட்டில் டயர் கடை வைத்திருந்த கண்ணாயிரத்தை இராமலிங்கம் கூட்டி வந்தார். சின்ன வண்டிக்குச் சொந்த எடை போதாது, எடை ஏற்றினால்தான் டயர் மண்ணைக் கவ்வும் என்றான் கண்ணாயிரம். ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கினான். காற்றடிக்கும் வால்வு மேலே வரும்படி திருப்பி, அதன் ஊசியைக் கழற்றி, குழாய் மாட்டி டியூபுக்குள் தண்ணீர் விட்டான். முக்கால் பங்கு தண்ணீர், மிச்சம் காற்று. டயருக்குப் பன்னிரண்டு குடம். இருபத்துநான்கு குடத்தையும் கிணற்றிலிருந்து சேந்திச் சுமந்தவள் கஸ்தூரி.

அது போதாதென்று இராமலிங்கம் வேலூர் போய் வட்ட வட்டமான வார்ப்பிரும்பு வெயிட்டுகள் நான்கு வாங்கி வந்து, சக்கரத்துக்கு இரண்டாக போல்ட் போட்டு முடுக்கினார். ஒவ்வொன்றும் ஆட்டுக்கல் கனம். பஸ் மேலிருந்து இறக்கும்போது ஒன்று கை நழுவிக் கருங்கல்லில் விழுந்து, விளிம்பில் பிறை போல ஒரு துண்டு பெயர்ந்துவிட்டது. அதற்காக அவர் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். பிறகு வண்டி போன இடமெல்லாம் உழுதது. சிரித்தவர்களே வாடகைக்குக் கூப்பிட்டார்கள்.

மூன்று வருஷம்தான். மாசி மாதம் ஒரு மத்தியானம் நெஞ்சு வலிக்கிறது என்று படுத்த இராமலிங்கம் எழுந்திருக்கவில்லை. பிள்ளை இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் கஸ்தூரியின் தம்பி அருணகிரி சொன்னான்: "வண்டிய விக்காதக்கா. நான் ஓட்றேன். நீ வூட்ல நிம்மதியா இரு."

அம்மா இறந்தபோது அருணகிரிக்கு ஐந்து வயது. அவனைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பள்ளிக்கூடம் அனுப்பியது கஸ்தூரிதான். அவன் சொன்னதை அவள் இரண்டாம் முறை யோசிக்கவில்லை. அவன் மனைவி சந்திரகலாவோடு பக்கத்துத் தெருவில் குடிவந்தான். தினம் மத்தியானம் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. வண்டி நன்றாக ஓடியது, கடனும் அடைந்தது.

1982இல் ஏதோ மாறியது. ஏரி நிறைந்து நெல் வைத்த வருஷம் அது. சேற்றில் உழும்போது கனம் ஜாஸ்தியானால் வண்டி புதைந்துவிடும் என்று அருணகிரி வெயிட்டுகளைக் கழற்றினான். அது நியாயம்தான், இராமலிங்கமும் அப்படித்தான் செய்வார். ஆனால் நெல் அறுத்து, கோடை மழை பெய்து, கொல்லை உழவு வந்தபோதும் அவை சக்கரத்துக்குத் திரும்பவில்லை.

"வெயிட்ட எங்கடா வச்ச?"

"கொட்டாயிலதான்கா கெடக்குது. மாட்டிக்கலாம்."

அந்த ஆனியில்தான் உழவுக்குக் கூப்பிடும் ஆட்கள் கழன்றுகொள்ள ஆரம்பித்தார்கள். "ஒங்க வண்டி நின்ன எடத்துலயே சுத்துதும்மா. டீசல்தான் குடிக்குது" என்று ஜோதியம்மாள் நேரிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனாள். எட்டு வருஷமாக வேறு யாரையும் கூப்பிடாதவள் அவள். ஊருக்குள் புதிதாக ஒரு நீல டிராக்டர் வந்திருந்தது. சகாதேவன் என்பவன் ஓட்டினான். முதலாளி தண்டராம்பட்டுப் பக்கம் என்று பேச்சு. அது ஆழமாக உழுகிறது என்று எல்லோரும் அதன் பின்னால் போனார்கள்.

அருணகிரி சோற்றைப் பிசைந்தபடியே சொல்வான்: "வண்டி கெழடாயிடுச்சுக்கா. இன்னா பண்றது. மாமா கை வச்ச வண்டினு பாக்காத. வந்த வெலைக்குத் தள்ளிடலாம்." ஒரு ஆளையும் பார்த்துப் பேசி வைத்தான். கஸ்தூரி அன்றிரவு அழுதாள். பிறகு சரி என்றாள்.

விற்கப்போகிற வண்டியை முன்டயர் காற்றிறங்கிய நிலையில் கொடுக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை. அருணகிரி வெளியூர் போயிருந்தான். தெருவில் ஓட்டத் தெரிந்த ஒருவரைக் கெஞ்சி, மட்கார்டில் தானும் உட்கார்ந்து, செங்கம் ரோட்டுக்குக் கொண்டுபோனாள். அந்த ரோட்டிலிருந்த ஆசிரமத்துக்குப் போகும் வெள்ளைக்காரர்கள் இரண்டு பேர் அவளை நின்று பார்த்தார்கள். கண்ணாயிரம் பஞ்சரை ஒட்டிவிட்டு, பின்டயரைச் சுத்தியலால் தட்டினான். முகம் சுருங்கியது. வால்வு கீழே வரும்வரை வண்டியை நகர்த்தச் சொல்லி, ஊசியை அழுத்தினான். புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அடுத்த டயரும் அப்படியே.

"யாரும்மா தண்ணிய எறக்குனது? வெயிட்டும் இல்ல, தண்ணியும் இல்ல. இத வச்சிக்கினு கொல்லைல இன்னா உழுவ முடியும்?"

"வண்டிக்கு வயசாயிடுச்சுனு தம்பி சொல்லுச்சு."

"வயசா? இஞ்சின் சத்தத்தக் கேளுங்க, கல்லாட்டம் இருக்குது." அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "நான் வேற மாதிரி நெனச்சிக்கினு இருந்தேன். போன கார்த்திகைல நீல வண்டிக்குப் பன்னண்டு பன்னண்டு குடம் ஊத்தி அனுப்பினேன். ஒங்க தம்பிதான ஓட்டிக்கினு வந்தாரு. ரெண்டாவது வண்டி வாங்கிட்டீங்கன்னு சந்தோசப்பட்டேன்."

கஸ்தூரி கடை ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

அடி அண்ணாமலை தாண்டி ஒரு கொல்லையில் நீல வண்டி ஓடுகிறது என்று விசாரித்துக்கொண்டு நடந்தே போனாள். வரப்பில் அவளைக் கண்டதும் சகாதேவன் வண்டியை நிறுத்தினான். பின்சக்கரங்களில் மாட்டியிருந்த நான்கு வெயிட்டுகளுக்கும் புதிதாக நீலம் பூசியிருந்தார்கள். வெளிப்பக்கத்து ஒன்றின் விளிம்பில் பிறை போலத் துண்டு பெயர்ந்திருந்தது. விரலை அதில் வைத்துப் பார்த்தாள்.

"இது யாரு வண்டிப்பா?"

அவன் விழித்தான். "இன்னாம்மா இப்டிக் கேக்கறீங்க? ஒங்க தம்பி சம்சாரம் பேர்லதான இருக்குது. ஒங்களுக்குத் தெரியும்னுல்ல சொன்னாரு."

மறுநாள் அருணகிரி வழக்கம்போலச் சாப்பிட வந்தான். அவள் இலை போட்டுப் பரிமாறினாள். அவன் கை கழுவும்வரை பொறுத்திருந்து, பார்த்ததைச் சொன்னாள். முதலில் அவன் சிரித்து மழுப்பினான். பிறகு குரல் உயர்ந்தது.

"அஞ்சு வருசம் ஒன் வண்டிய ஓட்டினேன். நான் கடைசி வரைக்கும் கூலிக்காரனாவே இருக்கணுமா? எனக்கும் பொண்டாட்டி புள்ள இல்ல?"

"வண்டி வாங்குனது தப்புனு யாரு சொன்னது? வெயிட்டு வேணும்னு கேட்டிருந்தா எடுத்துக்கோனு குடுத்திருக்க மாட்டேனா? நீ கேக்கல. தண்ணிய எறக்கிட்டு, என் வண்டிய சுத்த வுட்டு, ஆளுங்கள அந்தப் பக்கம் ஓட்டிவுட்டிருக்க. அப்புறம் இங்க வந்து ஒக்காந்து, என் கையால சோறு வாங்கித் தின்னுட்டு, வண்டி கெழடாயிடுச்சுனு சொல்லியிருக்க."

அவன் தலை குனிந்தான். "வெயிட்டக் கொண்டாந்து போட்டுர்றேன்கா" என்று மட்டும் முணுமுணுத்தான்.

வண்டி களவு போயிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு வலித்திருக்காது. தினம் ஒரு கொல்லையில் அந்தச் சக்கரம் வீணாகச் சுழல்வதைப் பார்த்துக்கொண்டே அவன் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தான் என்பதைத்தான் அவளால் ஜீரணிக்க முடியவில்லை. ஒரு நாள் இல்லை, ஒரு பருவம் முழுக்க.

வெயிட்டுகளைச் சகாதேவன் ஒரு மாட்டு வண்டியில் போட்டுக் கொண்டுவந்து வாசலில் இறக்கினான். கண்ணாயிரம் மறுபடி தண்ணீர் ஏற்றினான்; இந்த முறை குழாய்த் தண்ணீர், அவள் குடம் தூக்க வேண்டியிருக்கவில்லை. வண்டியை விற்கவில்லை. முருகையன் என்று ஒரு ஓட்டுநர் வந்தான். போனவர்களில் பாதிப் பேர் திரும்பினார்கள், ஜோதியம்மாள் திரும்பவில்லை.

முருகையன் நல்லவன். ஆனால் மாதம் ஒரு முறை கஸ்தூரி வால்வு கீழே வரும்படி வண்டியை நிறுத்தச் சொல்லி, ஆணி முனையால் ஊசியை அழுத்துவாள். தண்ணீர் பீய்ச்சி முழங்கை நனைந்த பிறகுதான் உள்ளே போவாள். இரண்டு வருஷம் பொறுத்துப் பார்த்த முருகையன், "நான் இன்னாம்மா தப்பு பண்ணேன்?" என்று கேட்டான். "நீ ஒண்ணும் பண்ணலப்பா" என்றாள். அடுத்த மாதமும் ஆணியோடு வந்தாள். அந்தத் தையோடு அவன் வேறிடம் பார்த்துக்கொண்டான்.

அதே தைப் பொங்கலுக்கு அருணகிரி புதுப்பானை, கரும்பு, மஞ்சள் கொத்து, புடவையோடு சீர் கொண்டுவந்து வாசலில் நின்றான். முந்தின இரண்டு வருஷமும் அவள் கதவைத் திறக்கவில்லை. இந்த முறை திறந்தாள். பிறந்த வீட்டுச் சீரை மூன்றாம் முறையும் திருப்பினாள் என்ற பேச்சு வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். தட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். "வா" என்று சொல்லவில்லை.

அவன் நின்றபடியே குடித்து, சொம்பைப் படியில் வைத்துவிட்டுப் போனான்.