பையில் கட்டிய ரிப்பன்

ஆடிக் கிருத்திகை முடிந்த மறுவாரத்திலிருந்து எங்கள் பெண்கள் பள்ளி கேட்டில் ரிப்பன் பார்க்கும் வேலை எனக்கு. இரட்டைச் சடை, சிவப்பு ரிப்பன். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கும் அதே விதி. திருத்தணி மலையில் மொட்டை போட்டு வந்தவர்களை மட்டும் ஒன்றும் கேட்கமாட்டோம்.

பொதட்டூர்பேட்டை பஸ்ஸில் வரும் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி, மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருக்க, புத்தகப் பையின் இரண்டு வார்களிலும் ரிப்பனைப் பூப்போலக் கட்டியிருந்தாள்.

“உனக்குத்தான் ரிப்பன் வேணாமேம்மா?”

“எல்லாரும் கட்டிகினு வராங்க மிஸ். நான் மட்டும் சும்மா வந்தா வேற ஸ்கூல் பொண்ணு மாதிரி இருக்குது.”

தினமும் அப்படியே வந்தாள். அத்தனை கூட்டத்திலும் அவள் மட்டும் தூரத்திலிருந்தே தெரிவாள். அதனாலோ என்னவோ, பெயர் கேட்கத் தோன்றவில்லை.

அடுத்த வருஷக் கடைசியில் ஒருநாள் அந்தப் பையைக் காணோம். நாலு நாள் தேடிய பிறகுதான் உறைத்தது. முடி வளர்ந்திருக்கும், ரிப்பன் தலைக்கு ஏறியிருக்கும். முகத்தை நான் சரியாகப் பார்த்ததே இல்லை போலிருக்கிறது.

அவள் ஆசைப்பட்டதும் அதுதானே. இருந்தாலும் கேட்டில் நிற்கும்போது என் கண் இன்னும் சடைகளை விட்டுவிட்டுப் பைகளைத்தான் பார்க்கிறது.